பாதிரி வேரும் பாடல நெல்லும்

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். என் மனைவிக்கு வயது 66. மூன்று மாதமாக இரண்டு கால்களிலும் வீக்கம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். எங்கள் வைத்தியர் கஷாயத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் ‘பாடலா’ என்று ஒரு சரக்கு. வீட்டில் கிடக்கும் பழைய மருத்துவ மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘பாடலம் முத்தோஷத்தையும் உண்டாக்கும்’ என்று போட்டிருக்கிறது. இன்னொரு நூல் ‘பாடலம் முத்தோஷத்தையும் போக்கும்’ என்கிறது. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்கும் பேரன், பாடலம் என்றால் ரோஜா என்று சாதிக்கிறான். அகராதியைப் பார்த்து, அதற்கு இன்னொரு பெயர் ‘குபேராக்ஷி’ என்று கண்டுபிடித்து, நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கழற்சிக்காயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க முகவரி பார்த்துக் கடிதம் பிரித்தவன் நான். இந்தச் சொல்லுக்கு எது வீடு என்று தெரியவில்லை. கஷாயம் கொடுக்கலாமா, கூடாதா?

— ஒரு வாசகர், கடலூர்

பதில்:

வணக்கம் ஐயா.

முதல் வேலையாக அந்தக் கழற்சிக்காய்ப் பொட்டலத்தை எடுத்துத் தனியே வையுங்கள். உடைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம், கஷாயத்தில் சேர்க்கவே வேண்டாம். அடுத்தது, உங்கள் துணைவியாருக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால், இந்தப் பதிலை மேலே படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உட்கார்ந்து பேசுவோம். சொல்லைத் தெளிவாக்காமல் மருந்துக்குத் தாவினால், நாளைக்கு வேறொரு சீட்டில் வேறொரு பெயர் வரும், நீங்கள் மறுபடியும் அகராதியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவீர்கள்.

உங்கள் கடித உறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தவறாக நினைக்க வேண்டாம். பாடலா என்றால் என்ன என்று கேட்டு எழுதிய கடிதத்தின் அனுப்புநர் முகவரியிலேயே விடை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரில் நிற்கும் பாதிரிதான் பாடலா. சுவாமியின் பெயர் பாடலீஸ்வரர், பாடலிக்கு ஈசுவரர். தலமரம் பாதிரி. அந்த மரத்தடியில் அம்பிகை தவமிருந்தாள் என்று தலபுராணம் சொல்கிறது. இத்தனை வருடம் அந்த ஊரின் பெயரை முத்திரை குத்தி முத்திரை குத்தி அனுப்பியிருப்பீர்கள்!

இனி, இரண்டு நூல்களும் நேர் எதிராகப் பேசுவதைப் பார்ப்போம். முத்தோஷம் என்றால் வாதம், பித்தம், கபம் மூன்றின் கேடு. இரண்டுமே பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரும் பெரிய தவறு எதுவும் செய்யவில்லை. ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை, சூத்திரஸ்தானம், 27ஆம் அத்தியாயம். அதன் பெயர் ‘அன்னபான விதி’, அதாவது உணவும் பானமும். அங்கே நெல் வகைகளின் குணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் சரகர் “த்ரிதோஷஸ் த்வேவ பாடலஹ” என்று முடிக்கிறார். ‘பாடலமோ முத்தோஷமும் தருவது’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசத்தில் மருந்து மரங்களைப் பற்றிய பகுதியில் பாடலாவுக்குச் சொல்லும் குணங்களில் ஒன்று “தோஷத்ரயாபஹா”. ‘முத்தோஷத்தையும் போக்குபவள்’. ‘போக்குபவள்’ என்று நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். சூட்சுமம் அந்த விகுதியில் இருக்கிறது.

சமஸ்கிருதத்தில் மரம், செடி, நிறம், தானியம் எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் உண்டு. பாடலஹ என்று ஆண்பாலில் வந்தால் அது நிறமாகவோ நெல்லாகவோ இருக்கலாம். பாடலா, பாடலி என்று பெண்பாலில் வந்தால் பாதிரி மரம். பாடலம் என்று பொதுப்பாலில் வந்தால் அதன் பூ. தமிழுக்கு மரமும் நெல்லும் பூவும் அஃறிணை. ஆண் பெண் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் ‘அம்’ போட்டுப் பாடலம் என்று உள்ளே விட்டுவிடுகிறது. மூன்று பேர் ரயிலேறினார்கள், இறங்கும்போது மூன்று பேருக்கும் ஒரே பெயர். உங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர், மூன்று உறையிலும் தலைப்பெழுத்து இல்லை. தபால்காரர் என்ன செய்வார், பாவம்.

நீங்கள் மட்டும் ஏமாறவில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் இதே வரியைச் சொல்லி விளக்கச் சொன்னார். நான் மிடுக்காக, “பாடலா மரம் முத்தோஷத்தையும் உண்டாக்கும்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “அத்தியாயத்தின் பெயர் என்ன?” என்றார். “அன்னபான விதி” என்றேன். “மரத்தையா வடித்துச் சோறாக்கப் போகிறாய்?” என்றார். மதிப்பெண் போனது. அன்றிலிருந்து எந்தக் குணத்தைப் படித்தாலும் முதலில் அத்தியாயத்தின் பெயரைப் பார்ப்பேன். அகராதியைவிட அது நல்ல வழிகாட்டி.

சரகரைப் போலவே பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதரும் நெல் பட்டியலில் பாடலத்தைச் சேர்த்திருக்கிறார். அமரகோசம் என்ற பழைய சமஸ்கிருத அகராதி இந்தச் சொல்லை மூன்று இடங்களில் வைத்திருக்கிறது. நிறங்களின் பகுதியில் ‘வெண்மை கலந்த சிவப்பு’. தாவரங்களின் பகுதியில் மரம். உழவுப் பகுதியில் “ஆசுர் வ்ரீஹிஹி பாடலஹ ஸ்யாத்”, அதாவது விரைவில் விளையும் நெல். ஆக, முத்தோஷம் தருவது உங்கள் சீட்டில் உள்ள வேர் இல்லை. அது மழைக்காலத்தில் அவசரமாக விளையும் ஒரு நெல். அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பேரன் சொன்னதும் சரிதான், அவனைத் திட்டாதீர்கள். இன்று சமஸ்கிருதம் கற்பிக்கும் பாடங்களில் ரோஜாவுக்குப் பாடலம் என்கிறார்கள். இந்தி இலக்கியத்திலும் அந்த வழக்கு உண்டு. நிறம் ஒத்திருப்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். சமஸ்கிருதத்தில் இந்தச் சொல் பல இடங்களில் நிறமாகவே பேசும். ரகுவம்சத்தில் திலீபன் மேய்க்கும் நந்தினிப் பசுவைக் காளிதாசன் பாடலா என்கிறான். அதன்மேல் சிங்கம் பாய்ந்து நிற்கும் காட்சியில் “ஸ பாடலாயாம் கவி” என்று தொடங்குகிறது வரி. செவலைப் பசு என்று நம் ஊரில் சொல்வோமே, ஏறக்குறைய அது. செம்மண் மலையின் சரிவில் ஒரு லோத்திர மரம் பூத்து நிற்பதுபோல, அந்தப் பசுவின் மேல் சிங்கம் நின்றது என்கிறான். மூலிகை அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிங்கத்தைப் பாதிரி மரத்தில் ஏற்றிவிடுவோம். நம் நிகண்டுகளில் பாடலம் என்பது சேரனின் குதிரை. சோழனுக்குக் கோரம், பாண்டியனுக்குக் கனவட்டம், சேரனுக்குப் பாடலம். வைத்தியர் சீட்டைப் பார்த்துக் குதிரையைத் தேடாமல் நீங்கள் மருந்துக் கடைக்குப் போனதே பெரிது.

பூவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளும். காளிதாசனின் சாகுந்தல நாடகத்தில், முன்னுரைக் காட்சியில் நடி கோடைக்காலத்தைப் பாடுவதற்கு முன் சூத்திரதாரி அந்தப் பருவத்தைச் சொல்கிறான். தண்ணீரில் இறங்கிக் குளிப்பது சுகம், காட்டுக் காற்று பாடலப் பூவைத் தொட்டு மணக்கிறது, நிழலில் சாய்ந்தால் தூக்கம் தானாக வருகிறது, பொழுது சாயும் நேரம் அழகாக இருக்கிறது என்கிறான். அக்கினி நட்சத்திரத்தில் கடலூரில் இருப்பவருக்கு இந்த நான்கில் மூன்றாவதுதான் நினைவிருக்கும். ஆனால் பாதிரி பூப்பது அந்தக் காலத்தில்தான். சுசுருதர் குடிநீரைப் பற்றிச் சொல்லும் அத்தியாயத்தில் நீரைத் தெளியவைத்த பிறகு அதற்கு மணமூட்ட நான்கு பூக்களைச் சொல்கிறார். நாகப்பூ, சண்பகம், நெய்தல், பாடலம். நாம் பானையில் வெட்டிவேர் போடுவதுபோல அவர்கள் பாதிரிப் பூவைப் போட்டிருக்கிறார்கள். கவிஞன் காற்றில் முகர்ந்ததை மருத்துவன் தண்ணீரில் கரைத்தான். சொல் ஒன்று, பூவும் ஒன்று. இங்கே மட்டும் இலக்கியமும் மருத்துவமும் கையைக் கோத்துக்கொண்டு நடக்கின்றன.

ஆனால் இந்தச் சமஸ்கிருத வரிகளை எல்லாம் படித்துவிட்டு ஒரு காட்டுக்குள் போய்ப் பாதிரியை அடையாளம் காட்டு என்றால் என்னால் முடியாது. நிறம் தெரியும், மணம் தெரியும், பருவம் தெரியும். உருவம் தெரியாது. உருவத்துக்கு நான் நம் சங்கப் புலவர்களிடம்தான் போவேன். இதைச் சொன்னால் என் சக மருத்துவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நற்றிணை 118ஆம் பாட்டில் பாதிரிப் பூவைத் தெருத்தெருவாக விற்று வருகிறாள் ஒரு பெண். அந்தப் பூ எப்படி இருக்கிறது?

“ஓவ மாக்கள் ஒள்ளரக்கு ஊட்டிய
துகிலிகை அன்ன துய்த்தலைப் பாதிரி”

ஓவியர்கள் அரக்குச் சாயத்தில் தோய்த்தெடுத்த தூரிகை போன்றது, தலையில் துய் உடையது. துய் என்றால் மெல்லிய பஞ்சு மயிர். சிவந்த நிறமும் பூவில் மயிரும், இரண்டு அடையாளங்கள் ஒரே வரியில். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் அருகே போகிறார்.

“பாசிலை ஒழித்த பராஅரைப் பாதிரி
வள்ளிதழ் மாமலர் வயிற்றிடை வகுத்ததன்
உள்ளகம் புரையும் ஊட்டுறு பச்சை”

கடும் வேனிலில் பச்சை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் பருத்த அடிமரம். அதன் பூவை வயிற்றுப் பக்கம் பிளந்து உள்ளே பார்த்தால் தெரியும் நிறம், யாழின் மேல் போர்த்திய தோலுக்கு ஊட்டிய நிறம். பூவை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்ப்பதைத் தாவரவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தப் புலவர் யாழுக்கு உறை சொல்வதற்காக அதைச் செய்திருக்கிறார்.

இது வெறும் இலக்கிய இன்பம் இல்லை, உங்கள் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இன்று பாதிரி என்ற பெயரில் இரண்டு மரங்கள் இருக்கின்றன. இரண்டும் ஸ்டீரியோஸ்பெர்மம் என்ற ஒரே பேரினம். ஒன்றின் பூ ஊதா கலந்த கருஞ்சிவப்பு, நல்ல மணம், இலையில் மயிர், காய் உருளையாக நீளும். மற்றதன் பூ மஞ்சள், உள்ளே செந்நிறக் கோடுகள், இலை வழவழப்பு, காயில் நான்கு விளிம்புகள். முதல் மரத்துக்கு ஸ்டீரியோஸ்பெர்மம் சுவாவியோலென்ஸ் என்று பெயர். சுவாவியோலென்ஸ் என்றால் இனிய மணமுடையது. அரசு வெளியிட்ட ஆயுர்வேத மருந்துநூல் பாடலாவாக ஏற்றுக்கொண்டிருப்பது இதைத்தான். இரண்டாவதைக் கேரளத்திலும் நம் பக்கத்திலும் பாடலாவாகப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு.

லத்தீன் பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைப்போம். அங்கேயும் தீரவில்லை. 19ஆம் நூற்றாண்டுத் தாவர நூல்களில் ‘செலனாய்டிஸ்’ என்ற பெயரை மஞ்சள் பூ மரத்துக்கு வைத்தார்கள். பிறகு மூலத்தைச் சரிபார்த்து, அந்தப் பெயர் சிவப்புப் பூ மரத்துக்கே உரியது என்று மாற்றினார்கள். இன்று சுவாவியோலென்ஸும் செலனாய்டிசும் ஒரே மரம். மஞ்சள் பூ மரத்துக்கு டெட்ராகோனம் என்ற பெயர். பழைய நூலில் செலனாய்டிஸ் என்று படித்தால் ஒரு மரம், புதிய நூலில் படித்தால் வேறொரு மரம். வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் தபால் வந்துகொண்டே இருக்குமே, அதேதான். அரக்கில் தோய்த்த தூரிகை என்று சொன்ன புலவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் பார்த்தது எந்த மரம் என்று எனக்கு ஐயமே கிடையாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகளும் உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகளும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. சொல் ஓர் அறையில், இலை இன்னோர் அறையில். 1955இல் அதைத் தொடங்கிய ழான் பிலியோசா அடிப்படையில் கண் மருத்துவர், பிறகு சமஸ்கிருதமும் தமிழும் கற்று இந்திய மருத்துவ வரலாற்றை எழுதியவர். இரண்டு அறைக்கும் நடுவே நடக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

கண் என்றதும் குபேராக்ஷி நினைவுக்கு வருகிறது. ‘குபேரனின் கண்ணை உடையவள்’. அமரகோசம் பாடலாவுக்குச் சொல்லும் மாற்றுப் பெயர்களில் இதுவும் ஒன்று. அமோகா, அதாவது வீண்போகாதவள். கிருஷ்ணவிருந்தா, கரிய காம்புடையவள். பாவப்பிரகாசம் இன்னும் சில சேர்க்கிறது. மதுதூதி, அலிவல்லபா, அதாவது வண்டுகளின் காதலி. தாம்ரபுஷ்பி, செம்பு நிறப் பூவினள். இவை பெயர்கள்போலத் தோன்றினாலும் உண்மையில் வருணனைகள். வருணனை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உயரமானவர், கண்ணாடி போட்டவர் என்று உறையில் எழுதினால் கடிதம் போய்ச் சேருமா? குபேராக்ஷி என்ற வருணனை கழற்சிக்காய்க்கும் ஒட்டிக்கொண்டது. இன்று ஆயுர்வேத வழக்கில் குபேராக்ஷம் என்றால் பெரும்பாலும் கழற்சிதான். கடைக்காரர் மேல் குற்றமில்லை. நீங்கள் கேட்டதை அவர் கொடுத்தார். வீக்கத்துக்கு என்றும் சொல்லியிருப்பீர்கள். கழற்சிப் பருப்பை அண்டவாத வீக்கத்துக்கு, அதாவது விரை வீக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூட ஏமாறாது. என் மேஜைமேல் இப்போது ஒரு பாதிரிக் காய் கிடக்கிறது. முழங்கை நீளம், விரல் பருமன், சொரசொரப்பான தோல். பிளந்தால் நடுவில் கார்க்கு மாதிரி ஒரு தண்டு, அதில் இருபுறமும் வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு விதை சொருகி வைத்ததுபோல உட்கார்ந்திருக்கிறது. விதையின் இருபுறமும் வெங்காயத் தோல் போன்ற சிறகு. ஊதினால் பறக்கும். கழற்சிக்காயோ கோலிக்குண்டு போல் உருண்டு, ஈய நிறத்தில், ஓங்கித் தட்டினாலும் உடையாமல் இருக்கும். காற்றில் பறப்பது ஒன்று, கல்லாய்க் கிடப்பது ஒன்று. அகராதியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கண்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னொரு வம்பும் உண்டு. பாடா என்று ஒரு மூலிகை இருக்கிறது. அது கொடி, பெரும்பாலும் கழிச்சலுக்குக் கொடுப்பது. படோலம் என்று இன்னொன்று, அது கசப்புப் புடல் வகை. பாடலா, பாடா, படோலம். வைத்தியரின் கையெழுத்து வேகமாக ஓடினால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போய், “பாதிரி வேர்தானே?” என்று தமிழில் கேளுங்கள். ஆமாம் என்று அவர் வாயால் சொல்லட்டும்.

பாதிரி என்ற தமிழ்ச் சொல்லிலும் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். தேவாலயத்துப் பாதிரி போர்த்துகீசியர் கொண்டுவந்த ‘பாத்ரே’. மரத்துக்கும் அவருக்கும் உறவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாதிரிக்குப்பம் எந்தப் பாதிரி என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாடலி என்றதும் எல்லோருக்கும் மகதத்தின் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னாதான் நினைவுக்கு வரும். அதற்கும் பாதிரி மரம்தான் பெயர் கொடுத்தது. ஆனால் நம் கரையிலும் ஒரு பாடலி இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூலை சர்வநந்தி என்ற முனிவர் பாணராட்டிரத்துப் பாடலிகாவில் எழுதி முடித்தார். காஞ்சியின் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. எண்களை இடமதிப்பு முறையில், பூஜ்யத்தோடு எழுதியதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக அந்த நூலைக் காட்டுவார்கள். அந்தப் பாடலிகாவைத் திருப்பாதிரிப்புலியூர் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மருள்நீக்கியார், அதாவது பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனவர், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் ஆனார் என்று பெரியபுராணத்தில் படித்துவிட்டு, அவர் கங்கைக் கரைக்குப் போனதாக நினைப்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் எதற்கு? கெடிலக்கரைதான். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரையேறியதும் அதே ஊரில்தான். “தோன்றாத் துணையாய் இருந்தனன்” என்று பாடியதும் அங்கேதான். கரையேறவிட்ட குப்பத்தின் பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு மரத்தின் பெயர் சமண மடத்துக்கும் சிவன் கோயிலுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

சரி, மருந்து. உங்கள் வைத்தியர் தசமூலக் கஷாயம்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வில்வம், பெருங்குமிழ், பாதிரி உள்ளிட்ட ஐந்து மரவேர், நெருஞ்சி, கண்டங்கத்தரி உள்ளிட்ட ஐந்து சிறுவேர், ஆகப் பத்து. சரகர் வீக்கத்தைக் குறைக்கும் சரக்குகளாகத் தொகுத்திருப்பது இந்தப் பத்தைத்தான். எனவே சீட்டில் பாடலா இருப்பது பொருத்தமே. நீங்கள் சாப்பிட்டிருக்கக்கூடிய சியவனப்பிராசத்திலும் பாதிரி உண்டு. அது புதிய சரக்கு இல்லை.

ஆனால் மருந்து பொருத்தமா என்பதற்கு முன், வீக்கம் எதனால் என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு காலும் சேர்ந்து வீங்குகிறது என்றால் மூட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இன்னொன்று, பலர் யோசிக்காதது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே கணுக்காலை வீங்கவைக்கும். அம்லோடிபின் அதில் முக்கியமானது. துணைவியாரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால், மாத்திரை எப்போது தொடங்கியது, வீக்கம் எப்போது தொடங்கியது என்று இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அழுத்தம் ஏறினால் வீக்கத்தைவிடப் பெரிய வம்பு. அவரிடம் சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், தைராய்டு, இசிஜி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவுகள் வந்த பிறகு அவற்றை உங்கள் வைத்தியரிடமும் காட்டுங்கள். நல்ல வைத்தியர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு வைத்தியரைப் பாருங்கள். அதுவரை கஷாயத்தைத் தள்ளிவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதன் பிறகு கஷாயம் என்று முடிவானால், வேரைத் தனித்தனியாக வாங்கிச் சேர்க்காமல், உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் தசமூலக் கஷாயச் சூரணமாக வாங்குங்கள். பொட்டலத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே தாவரப் பெயர் இருக்க வேண்டும். பாடலாவுக்கு எதிரே நான் மேலே சொன்ன சுவாவியோலென்ஸ் அல்லது செலனாய்டிஸ் இருந்தால் சரி. உதிரியாகக் கிடைப்பதில் வேருக்குப் பதில் தண்டுப்பட்டை கலந்திருக்கும். வேரை எடுக்க மரத்தையே தோண்ட வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. தசமூலாரிஷ்டத்தைக் கடையில் யாராவது எடுத்து நீட்டினால், அது வேறு தயாரிப்பு என்று நினைவில் வையுங்கள். அதில் வெல்லமும் புளிப்பில் தானே உண்டாகும் மதுவும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் கோயில் தலமரத்தில் பட்டை உரிக்கப் போக வேண்டாம். ஒரு வீட்டுக் கஷாயத்துக்கு ஊர்ப் பெயரைச் சுரண்டியதாகிவிடும். பூக்கும் காலத்தில் அதிகாலையில் போனால் கீழே உதிர்ந்த பூ கிடைக்கலாம். ஒன்றை எடுத்து நகத்தால் நீளவாக்கில் கீறி உள்ளே பேரனுக்குக் காட்டுங்கள். ரோஜா இல்லை என்று அவனே சொல்லிவிடுவான்.

கழற்சிக்காயைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் வீட்டில் யாராவது கழங்காடட்டும். வாயில் போடும் வயதுக் குழந்தைகள் இருந்தால் அதுவும் வேண்டாம்.